நாலரைக் கிலோ

உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள் என்பது அவருடைய முடிவு. எடையில் ஏமாற்றுகிறவர்கள் ஒரு வகை, ஏமாற்றக்கூடத் தெரியாத மக்குகள் இன்னொரு வகை. இரண்டிலும் சேராத ஒரே ஆள் அவர்தான். முப்பத்தொரு வருடம் முத்திரை ஆய்வாளர் உத்தியோகம். கடைகடையாக ஏறி இறங்கித் தராசைச் சோதிப்பார். சரியாக இருந்தால் ஈய முத்திரை குத்துவார், தப்பாக இருந்தால் பறிமுதல் செய்வார். நேரில் எல்லோரும் 'சார்' என்பார்கள். தெருமுனை திரும்பியதும் 'எடைக்கல் போயாச்சு' என்று பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்தது. வேறு யாராவது என்றால் வருத்தப்பட்டிருப்பார்கள். இவருக்கோ அதில் தலைகால் புரியாத பெருமை.

நேர்மையானவர்தான், அதை இல்லையென்றால் வாய் அழுகிப்போகும். எந்தக் கடையிலும் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் ஒரு மனிதன் நேர்மையாக இருந்தால் இருந்துவிட்டுப் போகவேண்டியதுதானே! இவர் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடினார். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் சமையலறைத் தராசைத் திருப்பிப் பார்க்காமல் டீயைத் தொடமாட்டார். தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனவர், தொட்டிலை எட்டிக்கூடப் பார்க்காமல், "மூணு கிலோன்னு சொன்னாங்களா? எந்தத் தராசுல?" என்று கேட்டார். அந்தத் தங்கை அன்றோடு அவர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

ஓய்வு பெற்ற நாளில், பித்தளைக் கற்கள் இருந்த மரப்பெட்டியை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் சோதிக்க வீட்டைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. உப்புப் பொட்டலத்தை உள்ளங்கையில் ஏந்தி, "திருடன்" என்பார். ரொட்டியைத் தூக்கி, "கொள்ளைக்காரன்" என்பார். மனைவி ஒரு துணி திருத்தும் கடையில் வேலை பார்த்தாள். கால்சட்டை நீளம் குறைப்பது, இடுப்புப் பிடிப்பது, கிழிசல் தைப்பது அவள் வேலை. திங்கள் முதல் சனி வரை காலை ஒன்பது மணிக்குப் போனால் ஐந்து மணிக்குத்தான் திரும்புவாள். வீட்டில் இந்த மனிதரை விட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவதில் இருந்த நிம்மதியை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. கடையில் இருந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும்.

பிள்ளைகள் இல்லாத அந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு பூனை இருந்தது. பழுப்பு நிறத்தில், வயிறு மட்டும் வெளுத்த ஆண் பூனை. பதினொரு வருடத்துக்கு முன்னால், தைத்து முடித்த துணிகளுக்கு நடுவே சுருண்டு கிடந்த குட்டியை அவள் மடியில் போட்டுக்கொண்டு வந்தாள். அவள் அவனை 'ராசா' என்று கூப்பிட்டாள். இவர் 'ஓசி' என்று கூப்பிட்டார். ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்து தின்கிறதாம். தான் ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தப் பெயரை இவர் மாற்றவில்லை. வெட்கம் இருந்தால்தானே.

தடுப்பூசிக்குப் போன இடத்தில் கால்நடை டாக்டர் அவளிடம் சொன்னதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. டாக்டர் ஒரு இளம்பெண்.

"அம்மா, பூனை கடைசி வரைக்கும் நோயைக் காட்டிக்காது. வலிச்சாலும் கத்தாது, ஒரு மூலையில போய் உக்காந்துக்கும். இவனுக்கு வயசு பதினொண்ணு ஆயிடுச்சு. வாராவாரம் ஒரே கிழமையில எடை பாருங்க. தண்ணி அதிகமா குடிக்கிறானா, மூத்திரம் போற மண் தட்டுல ஈரக்கட்டி பெருசா இருக்கா, உடம்பை நக்கிச் சுத்தம் பண்றதை விட்டுட்டானா, அதெல்லாமும் கவனிங்க. ஆனா முதல்ல எடை. பத்துல ஒரு பங்கு குறைஞ்சா யோசிக்காம தூக்கிட்டு வந்துடுங்க."

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னதும் இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடையைப் பத்தி ஒரு மாட்டு டாக்டர் வந்து எனக்குச் சொல்லணுமா?"

"உங்களுக்குச் சொல்லலைங்க, எனக்குத்தான் சொன்னாங்க" என்றாள் அவள்.

அடுத்த நாள் சந்தையிலிருந்து ஒரு தராசு வாங்கி வந்தாள். வட்ட முகப்பு, ஒரு முள், மேலே பிளாஸ்டிக் தட்டு, உள்ளே சுருள்கம்பி. அதை அவர் தலைகீழாகக் கவிழ்த்து, பக்கவாட்டில் திருப்பி, செத்த எலியைப் பிடிப்பதுபோல இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். முத்திரை இல்லை. அடியில் பொடி எழுத்தில் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தது.

"பாத்தியா? வீட்ல மட்டும் ஏமாத்திக்கலாம்னு அனுமதி குடுத்திருக்கான்!"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பூனைக்குச் சாப்பாடு வைப்பதற்கு முன்னால், தட்டில் உட்காரவைத்து முள்ளைப் பார்ப்பாள். சுவரில் மாட்டிய காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பென்சிலால் எழுதுவாள். நாலு அறுநூறு. மறுவாரமும் நாலு அறுநூறு. ஒரு மாதம் அப்படியே நின்றது. பிறகு நாலு ஐந்நூறு. பிறகு நாலு நானூறு. அதற்கடுத்த ஞாயிறு முள் நாலு இருநூறில் போய் நின்றது.

"என்னங்க, நானூறு கிராம் போயிடுச்சு. தண்ணியும் ரொம்பக் குடிக்கிறான். குளியலறை வாளிக்குள்ள தலையை விட்டுட்டே நிக்கிறான்."

"வெயில் காலம். நீயுந்தான் குடிக்கிற."

"மண் தட்டுல கட்டி கட்டியா, என் கையளவு இருக்கு."

"குடிச்சா போகத்தானே செய்யும்?"

"முதுகுல முடியெல்லாம் திரிதிரியா ஒட்டிக்கிடக்கு. ஜன்னல் மேல ஏறவே மாட்டேங்கறான்."

"வயசான ஓசி. வேற என்ன செய்யும்?" என்றவர் தராசைச் சுட்டிக்காட்டினார். "இங்க பாரு, இந்தத் தகர டப்பா ரெண்டு மாசத்துல தளர்ந்துபோகும்னு நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா? குறைஞ்சது பூனை இல்லை, தராசு."

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "பத்துல ஒரு பங்குன்னா நாலு நூத்தி நாப்பது. அடுத்த ஞாயிறு அதுக்குக் கீழ போச்சுன்னா, நீங்க என்ன சொன்னாலும் நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

பேச்சில் தீர்மானம் இருந்தது. அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது. தராசு விஷயத்தில் ஒரு தையல்காரி தன்னை மீறிப் பேசுவதா!

சனிக்கிழமை அவள் வேலைக்குப் போனதும் அவர் மேசையில் செய்தித்தாளை விரித்து, கருவிப்பெட்டியை எடுத்துவைத்து, தராசின் பின்பக்க மூடியைக் கழற்றினார். சரிபார்ப்பதற்கு ஒரு சரியான எடை வேண்டும். கற்பெட்டி அலுவலகத்தில் இருக்கிறது. போய்க் கேட்கலாம். ஆனால் அவருக்குப் பதிலாக வந்திருக்கும் ஆய்வாளர் போனமுறை, "நீங்க யாரு சார்?" என்று கேட்டுவிட்டான். அவனிடம் போய் நிற்பதா? சமையலறையில் பிரிக்காத ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலம் இருந்தது. கடைக்காரன் போட்ட கிலோவை நம்புவதா? அதைவிடத் தூக்கு மாட்டிக்கொள்ளலாம்.

அப்போது அவருக்கு ஒரு பிரமாதமான யோசனை தோன்றியது. பூனை இருக்கிறதே! பூனையின் எடை தெரியும். நாலு அறுநூறு. ஒரு மாதம் தொடர்ந்து அப்படித்தான் இருந்தது. சரி, யார் சொல்லித் தெரியும்? அந்தத் தராசு சொல்லித்தான். எந்தத் தராசு? தகர டப்பா என்று இவர் காறித் துப்பிய அதே தராசு! யாராவது ஒரு கடைக்காரன் பூசணிக்காய் ஒன்றைக் காட்டி, 'இது ரெண்டு கிலோன்னு எனக்குத் தெரியும் சார், இதை வச்சுத்தான் தராசைச் சரி பண்ணினேன்' என்று சொல்லியிருந்தால், அந்தக் கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு, அந்தக் கதையைப் பத்து வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார். இங்கே பூசணிக்காய்க்குப் பதில் பூனை, கடைக்காரனுக்குப் பதில் இவர். சிரிக்கத்தான் பக்கத்தில் ஆள் இல்லை.

பூனையைத் தூக்கித் தட்டில் வைத்தார். அது முரண்டு பிடிக்கவில்லை. சுருள்கம்பியின் பிடியைத் திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார். முள் மெல்ல ஏறி நாலு ஐந்நூறுக்கு வந்ததும் நிறுத்தினார். நூறு கிராம் குறைத்து வைத்தது அவருடைய பெருந்தன்மை. வெயில் காலத்தில் அவ்வளவு குறையலாம் என்று அனுமதி கொடுத்தார்.

பிறகு பூனையைத் தூக்கிக் கீழே விட்டார். முப்பத்தொரு வருடம் கல்லைத் தூக்கித் தூக்கிப் பழகிய கை அது. எதைத் தூக்கினாலும் அவர் கேட்காமலே ஓர் எண் மனசில் வந்து விழும். அப்போதும் விழுந்தது. குழாயைத் திறந்து, சோப்புப் போட்டு, முழங்கை வரை கழுவிக்கொண்டார்.

மறுநாள் முள் நாலு ஐந்நூறு காட்டியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பூனையை வாரி எடுத்து நெஞ்சோடு சேர்த்து, "ஏறிட்டான்! என் ராசா ஏறிட்டான்!" என்று கூடத்தைச் சுற்றி வந்தாள்.

"ஏறலை. அவன் குறையவே இல்லை. தராசுதான் தளர்ந்திருந்தது, நேத்து நான் சரி பண்ணி வச்சேன்."

"நிஜமாவா? உங்ககிட்ட அன்னைக்கே குடுத்திருக்கணும். நான் ஒரு பைத்தியம், ஒரு வாரமாத் தூக்கமில்லாம கிடந்தேன்" என்றாள். அன்று அவருக்குப் பிடித்த மீனை இரண்டு துண்டு கூடவே பொரித்துவைத்தாள். மனிதர் முள்ளைக்கூட விடாமல் சப்பித் தின்றார்.

அடுத்த சனிக்கிழமை அவள் போனதும், சும்மா ஒரு பார்வைக்கு என்று பூனையைத் தட்டில் வைத்தார். முள் நாலு நானூறுக்குப் போயிற்று. இப்போது தராசைத் திட்ட முடியாது. அதை முத்திரை ஆய்வாளர் சரிசெய்து ஏழு நாள்தான் ஆகிறது. தராசு சரி என்றால் பூனை குறைகிறது, முதலில் அவள் சொன்னதும் சரி. பூனை குறையவில்லை என்றால் இவர் வேலை தப்பு. இரண்டில் எதை ஒத்துக்கொண்டாலும் ஞாயிற்றுக்கிழமை அவள் முன்னால் தலைகுனிய வேண்டும். இவர் திருப்புளியை எடுத்தார்.

முதல் சனிக்கிழமை செய்தது முட்டாள்தனம். அதையாவது மன்னிக்கலாம், முட்டாள்தனம் யாரிடம் இல்லை? இரண்டாவது சனிக்கிழமை செய்தது அயோக்கியத்தனம். பூனை மேல் அவருக்கு வெறுப்பா என்றால் அதுவும் இல்லை. பயம். 'நீங்க சொன்னது தப்பு' என்று ஒரு பெண் சொல்லக் கேட்டுவிடுவோமோ என்ற பயம். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து ஏழு சனிக்கிழமை அந்த மூடியைக் கழற்றினார். ஏழு தடவையும் பூனையைத் தூக்கினார், இறக்கினார், கையைக் கழுவினார்.

காலண்டரில் நாலு ஐந்நூறு, நாலு ஐந்நூறு என்று அவள் கை எழுதிக்கொண்டே போயிற்று. ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. ஒருநாள் பூனையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"என்னங்க, முதுகெலும்பு வரிசையாத் தட்டுதுங்க. மணி கோத்த மாதிரி. கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்."

"கை பொய் சொல்லும். தராசு இருக்கும்போது கை எதுக்கு?" என்று செய்தித்தாளிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னார்.

நாள் முழுக்க நாடா பிடித்து ஊருக்கெல்லாம் இடுப்பளவு எடுக்கிறவள் அவள். விரல்விட்டுப் பார்த்தே அரை விரற்கடை வித்தியாசம் சொல்லுவாள். அப்படிப்பட்டவள், முப்பத்தொரு வருட அனுபவம் சொல்கிறதே என்று பூனை மேலிருந்த கையை எடுத்துவிட்டாள். அப்படியும் மனசு கேட்காமல் ஒருநாள் மருத்துவமனைக்குப் போன் போட்டாள். அங்கிருந்த உதவியாளர், "எடை எவ்வளவும்மா?" என்று கேட்டார். "நாலரை. அப்படியேதான் இருக்கு" என்றாள். "எடை நிலையா இருந்தா பயப்பட வேண்டாம். சாப்பாட்டை விட்டா மட்டும் உடனே கூட்டிட்டு வாங்க" என்று போனை வைத்துவிட்டார்கள். போன் பேசியபோது இவர் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். வாய்க்குள் கொழுக்கட்டையா அடைத்திருந்தது?

ஏழாவது ஞாயிறு கழிந்த வெள்ளிக்கிழமை பூனை சாப்பாட்டை விட்டது. மீனை வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. இரண்டு தடவை நுரையாக வாந்தி எடுத்தது. பிறகு குளியலறை வாசலில், தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, குடிக்கவும் மாட்டாமல் எழுந்திருக்கவும் மாட்டாமல் கிடந்தது. வாயிலிருந்து ஒரு கெட்ட நாற்றம். அவள் கடைக்கு வரவில்லையென்று சொல்லிவிட்டு, கூடையில் துண்டை விரித்தாள். காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி, பென்சிலோடு பையில் செருகினாள்.

"ஸ்கூட்டரை எடுங்க" என்றாள். அவர் எடுத்தார்.

மருத்துவமனை மேசையில் இருந்தது மின்னணுத் தராசு. டாக்டர் பூனையை வைத்ததும் எண்கள் ஓடி நின்றன. மூன்று முந்நூற்று எண்பது.

"இருக்காதே. ஞாயித்துக்கிழமை நாலரை இருந்தான்" என்றாள் அவள்.

இவரும் அந்த எண்ணைப் பார்த்தார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், ஐயா திறந்தார். "இந்தத் தராசைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க? முத்திரை இருக்கா?"

டாக்டர் தராசை அவர் பக்கம் திருப்பிவைத்தார். இந்த வருடத்து முத்திரை பளிச்சென்று இருந்தது. 'நீங்க யாரு சார்' என்று கேட்டவன் குத்தியது. அதில் ஒரு குறையும் இல்லை.

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், இரத்தம் எடுத்து உள்ளே அனுப்பினார். கொஞ்ச நேரத்தில் முடிவு வந்தது. சிறுநீரகம் இரண்டும் கெட்டிருக்கிறது. அவள் காலண்டரை விரித்துக் காட்டினாள். டாக்டர் வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார்.

"இங்க குறைஞ்சுட்டே வந்திருக்கு. அப்புறம் ஒரே வாரத்துல முந்நூறு கிராம் ஏறி, ஏழு வாரம் அசையாம நாலரையில நிக்குது. இன்னைக்கு மூணு முந்நூத்தி எண்பது. அப்படின்னா இந்த அஞ்சு நாள்ல மட்டும் ஒரு கிலோவுக்கு மேல போயிருக்கு. அம்மா, இந்த எடையெல்லாம் சரியானதுதானா?"

"சரியாத்தான் இருக்கும் டாக்டர்" என்றாள் அவள். "எங்க வீட்டுக்காரர் முத்திரை ஆய்வாளரா இருந்தவர். அவரே தராசைச் சரி பண்ணிக் குடுத்தார். தப்பு வராது."

டாக்டர் இவரை ஒரு மரியாதையோடு பார்த்தார். இவர் சுவரில் ஒட்டியிருந்த நாயின் பல் படத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இது பழைய நோய் இல்லை. திடீர்னு எதையோ தின்னிருக்கணும்" என்றார் டாக்டர். "விஷம் மாதிரி. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வீட்ல புதுசா செடி ஏதாவது? மாத்திரை கீழ விழுந்துதா? தரை துடைக்கிற மருந்து மாத்தினீங்களா?"

அவளுக்கு முகம் வெளுத்துப்போயிற்று. "செவ்வாய்க்கிழமை... கடையில ஒருத்தங்க பூச்செடி குடுத்தாங்க. ஜன்னல்கிட்ட வச்சேன். ஐயோ, தரை துடைக்கிறதும் புதுசு வாங்கினேன். அவன் அந்த ஈரத்துலதான் படுத்துக்கிடந்தான். நான்தான்... டாக்டர், நான்தான் விஷம் வச்சுட்டேனா?"

"அழாதீங்கம்மா. நான் ஒரு முடிவுக்கு வரணும். விஷம்னா இப்பவே முறிவு மருந்து குடுத்து, வேகமா நிறையத் தண்ணி ஏத்தணும். பழைய நோயா இருந்து அப்படி ஏத்தினா அவன் இதயம் தாங்காது. உங்க எடையை நம்பி வேகமாத்தான் ஏத்தப்போறேன்" என்று டாக்டர் கையுறையை மாட்டிக்கொள்ளத் தொடங்கினார்.

"பதினொரு வருஷம் வளத்து, என் கையாலயே" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அப்படி அழுது அவர் பார்த்ததில்லை. அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டும் அவர் இன்னும் ஒரு வரி படித்தார். நாய்க்குப் பல் நாற்பத்திரண்டு. ஊசி மருந்துக் குப்பியின் மூடி உடையும் சத்தம் கேட்டது.

"தராசு தப்பு" என்றார்.

டாக்டர் திரும்பினார். "நீங்க சரி பண்ணினதா அம்மா சொன்னாங்களே?"

"நான்தான் தப்பாக்கினேன்."

அவள் அழுகை பாதியில் நின்றது. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு அவரையே பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள். "வீட்ல கல்லு இல்லையே. எதை வச்சு சரி பண்ணீங்க?"

"பூனையை வச்சு."

"பூனையை வச்சா?"

"நாலரை காட்டுற வரைக்கும் திருகினேன். ஒவ்வொரு சனிக்கிழமையும்."

டாக்டர் குப்பியைக் கீழே வைத்தார். நல்ல பெண், வாயில் வந்ததை அடக்கிக்கொண்டார் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "அப்ப ஏழு வாரமா இவனோட நிஜ எடை யாருக்கும் தெரியாது. விஷமா, பழசான்னு நான் இப்ப எதை வச்சு முடிவு பண்றது?"

"தெரியும்" என்றார் அவர்.

"யாருக்கு?"

"எனக்கு. தூக்கும்போது கைக்குத் தெரியும்."

மனைவி பையிலிருந்து பென்சிலை எடுத்துக் காலண்டர் மேல் வைத்தாள். "எழுதுங்க."

அவர் எழுதினார். யோசிக்கவில்லை, தேதி தேடவில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு நாலு ஐந்நூறுக்கும் பக்கத்தில் இன்னோர் எண் வந்து விழுந்தது. நாலு நூற்றைம்பது. நாலு ஐம்பது. மூன்று தொள்ளாயிரத்தைம்பது. மூன்று எண்ணூற்றைம்பது. மூன்று எழுநூற்றைம்பது. மூன்று அறுநூறு. மூன்று ஐந்நூறு. ஓர் எண்ணைக்கூட அடித்துத் திருத்தவில்லை.

டாக்டர் காலண்டரைத் தன் பக்கம் திருப்பி, முதல் மாதத்து நாலு அறுநூறிலிருந்து இன்றைய எடை வரை மறுபடியும் விரலை ஓட்டினார். இந்தமுறை விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"விஷம் இல்லை. ஒரே சீரா இறங்கியிருக்கு. மூணு மாசமா இருக்கிற சிறுநீரக நோய். அம்மா, நீங்க ஒண்ணும் பண்ணலை, செடியும் இல்லை மருந்தும் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மெதுவா ஏத்துறேன். மூணு நாள் இங்கயே இருக்கட்டும். தாங்கினா கொஞ்ச மாசம் இருப்பான், தாங்குவான்னு என்னால உறுதி சொல்ல முடியாது. குறைய ஆரம்பிச்சப்பவே வந்திருந்தா, சாப்பாட்டை மாத்தியே ரெண்டு மூணு வருஷம் கொண்டுபோயிருக்கலாம்."

அவள் பூனையின் முதுகில் கை வைத்தாள்.

பூனையைத் துண்டோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டே டாக்டர் காலண்டரை இன்னொரு தடவை பார்த்தார். பொல்லாத எண்ணம் எதுவும் அவர் மனசில் இல்லை. நிஜமாகவே வியந்துதான் சொன்னார். "எவ்வளவு துல்லியமா இருக்கு! இப்படி ஒரு கை நான் பாத்ததே இல்லை சார். தராசே வாங்கியிருக்க வேண்டாம்."

முப்பத்தொரு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மேலதிகாரிகள் சொன்னதில்லை, கடைக்காரர்கள் சொல்லப்போவதுமில்லை. அவர் தலை நிமிரவில்லை.

"முதல் சனிக்கிழமையே தெரியுமா?" என்று மனைவி கேட்டாள்.

"ம்."

"நான் மீன் பொரிச்சேனே, அன்னைக்கு?"

மேசை மேல் இருந்த பூனை தலையைத் தூக்கப் பார்த்தது, முடியவில்லை. தூக்கிக்கொடுக்க அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். தானே அதை வாரி எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, டாக்டருக்குப் பின்னால் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.